ஞ-வுக்கு ஒரு விசை

இரண்டாகப் பிரிந்த விசைப்பலகையை நானே செய்துகொள்வது என்று முடிவான பிறகும், எந்த மாதிரியைச் செய்வது என்பதில் ரொம்ப நாள் இழுபறியாக இருந்தது. கடைசியில் அதைத் தீர்த்துவைத்தது ‘ஞ’ என்கிற எழுத்து.

நான் தமிழ்99 முறையில் எழுதுகிறவன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றுக்கொண்ட விசையமைப்பு அது. உயிரெழுத்துகள் இடது கைக்கு. க, ச, த என்று அகரமேறிய மெய்கள் வலது கைக்கு. வ, ங இரண்டு மட்டும் இடப்பக்கம் போய் உட்கார்ந்திருக்கும். புள்ளி இடது சுட்டுவிரலின் கீழே. வலது கை மெய்யைத் தட்ட, இடது கை உயிரைத் தட்ட, உயிர்மெய் பிறக்கும். கைகள் மாறி மாறி வேலை செய்யும். பலகையை நடுவில் பிளந்து ஆளுக்கொரு பக்கம் வைத்தாலும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு குறையும் வராது.

இதில் நான் மிகவும் மதிக்கிற ஒரு நுட்பம் உண்டு. மெல்லினமும் அதன் இன வல்லினமும் அடுத்தடுத்து வரும் இடங்களைப் பாருங்கள்: ண்ட, ந்த, ன்ற, ம்ப. தமிழ்99-இல் ண-வுக்கு இடப்புறம் ட. ந-வுக்கு இடப்புறம் த. ன-வுக்கு இடப்புறம் ற. ம-வுக்கு இடப்புறம் ப. அதாவது வெளியிலிருந்து உள்நோக்கி இரண்டு விரல்கள் அடுத்தடுத்து உருண்டு வந்தால் போதும். நடுவில் வரவேண்டிய புள்ளியை மென்பொருளே போட்டுக்கொள்ளும். ‘வந்தான்’, ‘நின்றான்’, ‘வண்டி’, ‘தம்பி’ எல்லாம் விரலுக்கு அவ்வளவு இதமாக வருவது இதனால்தான். தமிழின் சந்தத்தை அறிந்தவர்கள் வடிவமைத்தது என்பது எழுத எழுதத் தெரியும்.

ஞ்ச-வும் அதே ஒழுங்கில்தான் இருக்கிறது. ஞ-வுக்கு இடப்புறம் ச. ஆனால் அந்த இரண்டு விசைகளும் பலகையின் வலது ஓரத்தில், ஆங்கிலத்தில் சதுர அடைப்புக்குறிகள் இருக்கும் இடத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே விரல், வலது சுண்டுவிரல். கொஞ்சம், மஞ்சள், அஞ்சல், நெஞ்சு, தஞ்சாவூர் என்று எதை எழுதினாலும் சுண்டுவிரல் எட்டிப் போய் ஒன்றைத் தட்டி, அதே விரல் திரும்பி இன்னொன்றைத் தட்ட வேண்டும். இது போதாதென்று ண, ந, ய, ழ நான்கும் அதே விரலின் பொறுப்பு. பேக்ஸ்பேஸ், என்டர், வலப்பக்க ஷிஃப்ட் மூன்றும் அதனுடையதே. கையில் ஆக மெலிந்த விரலுக்கு ஆறு எழுத்தும் மூன்று பெரிய விசையும். பலம் மிகுந்த கட்டைவிரல்கள் இரண்டுக்கும் சேர்த்து ஸ்பேஸ்பார் ஒன்றே ஒன்று. மாலையானால் என் வலது மணிக்கட்டின் வெளிப்பக்கம் இழுத்துப் பிடிப்பது ஏன் என்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது.

(விரல் மரத்துப்போவது, இரவில் வலியால் விழிப்பது போன்றவை இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். விசைப்பலகை வைத்தியம் ஆகாது.)

நாம் எல்லோரும் பயன்படுத்தும் பலகையின் வடிவம் கைக்காக உண்டானது அல்ல. 1874-இல் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஷோல்ஸின் தட்டச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு நெம்புகோல் ஓடியது. நெம்புகோல்கள் ஒன்றையொன்று இடிக்காமல் போக, வரிசைகளைச் சற்றுச் சற்று நகர்த்தி வைத்தார்கள். நெம்புகோல் போய்விட்டது, நகர்த்தல் மட்டும் இன்றைய மடிக்கணினி வரை வந்துவிட்டது. இதைச் சரிசெய்ய முயன்றவர்களும் நெடுங்காலமாக இருந்திருக்கிறார்கள். 1926-லேயே ஜெர்மனியில் கிளாக்கன்பெர்க் விசைகளை இரு பாதியாகப் பிரிக்கச் சொன்னார். 1972-இல் குரோமர் அதையே ஆய்வாக எடுத்துச் செய்தார். 1970-களில் பிரிட்டனில் லில்லியன் மால்ட்டும் ஸ்டீபன் ஹாப்டேயும் சேர்ந்து செய்த ‘மால்ட்ரான்’ பலகை விரல்களின் நீளத்துக்கேற்பக் குழிந்திருக்கும். கட்டைவிரலுக்குத் தனி விசைக்கூட்டம் கொடுத்து, ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் ‘ஈ’ எழுத்தையே அங்கே வைத்தார்கள். மால்ட் தட்டச்சுப் பயிற்சி கொடுத்தவர். ஆயிரம் கைகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் கட்டைவிரல் சும்மா இருப்பது கண்ணில் படும்.

இன்று நம்மைப் போன்றவர்கள் வீட்டு மேசையில் இதைச் செய்ய முடிவதற்குக் காரணம், ‘எர்கோடாக்ஸ்’ தொடங்கிப் பலர் தங்கள் வடிவமைப்புகளைத் திறந்த மூலமாக வெளியிட்டதுதான். புதிதாக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ‘கார்னே’வைப் பரிந்துரைப்பார்கள். ஒரு பாதிக்கு 3 வரிசை, 6 நெடுவரிசை, கட்டைவிரலுக்கு 3. மொத்தம் 42 விசை. சிறியது, அழகானது, வழிகாட்டிகள் நிறைய. எனக்கும் ஆசைதான். காகிதத்தில் தமிழ்99-ஐ அதன்மேல் வரைந்து பார்த்தேன். வலது பாதியின் மேல்வரிசையில் ள, ற, ன, ட, ண, ச. ஆறும் நிரம்பிவிட்டது. ஞ-வுக்கு இடம் இல்லை.

‘லில்லி58’ அந்த இடத்தில்தான் வந்து நின்றது. ஜப்பானியர் ஒருவரின் திறந்த வடிவமைப்பு. எண் வரிசையும் உண்டு. ஒரு பாதிக்கு 29 விசை. அதில் 4 கட்டைவிரலுக்கு. இன்னும் ஒன்று, இரு பாதிகளின் உள்விளிம்பில் தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும். வலது பாதியில் அது ல-வுக்கு இடப்பக்கம், சுட்டுவிரல் லேசாக நீண்டால் தொடும் தூரத்தில். ஞ-வை அங்கே வைத்தால் ‘கொஞ்சம்’ எழுதும்போது சுட்டுவிரல் ஞ-வைத் தட்டும், சுண்டுவிரல் ச-வைத் தட்டும். வேறு எந்த எழுத்தையும் இடம் மாற்றத் தேவையில்லை. அன்றே முடிவு செய்துவிட்டேன்.

பொருள்கள் சேர்ப்பது தனி வேலை. சர்க்யூட் போர்டுக்கான கோப்புகள் இணையத்தில் இலவசம். சீனாவில் ஜேஎல்சிபிசிபி போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பினால் அச்சடித்துத் தருவார்கள். குறைந்தது 5 எடுக்க வேண்டும். லில்லியின் இரு பாதிக்கும் ஒரே போர்டுதான், ஒன்றைப் புரட்டி வைத்தால் மற்றது. ஆகவே ஐந்து போர்டு என்றால் இரண்டு விசைப்பலகை, மேலே ஒன்று மிச்சம். கூட்டாளி ஒருவர் இருந்தால் செலவு பாதி. டயோடு, ஈயம், சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், இடுக்கி எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் ஒரே மூச்சில் வாங்கிவிடலாம்.

“அண்ணே, 1என்4148 டயோடு நூறு குடுங்க.”

“நூறா? என்ன தம்பி, ரிப்பேரா?”

“இல்லண்ணே, கீபோர்டு செய்யறேன்.”

“கீபோர்டையா? கடையில கிடைக்குமே.” சொல்லிக்கொண்டே எண்ணிப் போட்டார். 58 போதும், ஆனால் கம்பிக்கால் டயோடு வளைக்கும்போது முறியும், தரையில் விழுந்தால் கண்ணுக்குச் சிக்காது. நூறாக வாங்குவதே நல்லது. விலை மலிவாக முடியும் என்று எண்ணி யாரும் இதில் இறங்க வேண்டாம். ஸ்விட்ச், விசைமூடி, கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்தால் நல்ல ஆயத்தப் பலகையின் விலையைத் தாண்டும்.

டயோடு எதற்கு என்பது புரிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. ஒரு பாதியில் 29 விசை. ஒவ்வொன்றுக்கும் கன்ட்ரோலரில் ஒரு பின் கொடுக்க முடியாது. ஆகவே 5 வரிசை, 6 நெடுவரிசை என்று கம்பிகளைப் பின்னுகிறார்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு ஸ்விட்ச். 11 பின் போதுமானதாகிவிடுகிறது. கன்ட்ரோலர் ஒவ்வொரு வரியாக மின்சாரம் விட்டு, எந்தக் குறுக்குக் கம்பியில் பதில் வருகிறது என்று நொடிக்குப் பல நூறு முறை கேட்டுக்கொண்டே இருக்கும். சிக்கல் எங்கே வரும் என்றால், ஒரு சதுரத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மின்சாரம் சுற்றி வளைத்துப் போய், அழுத்தாத நான்காவது மூலையும் அழுத்தியதாகக் காட்டும். டயோடு மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவதால் அந்தச் சுற்றுவழி அடைபடுகிறது. அதனால்தான் ஒவ்வொரு விசைக்கும் ஒன்று. அதனால்தான் திசையும் முக்கியம். டயோடின் ஒரு முனையில் கறுப்பு வளையம் இருக்கும். போர்டில் அச்சிட்டிருக்கும் கோட்டோடு அது பொருந்த வேண்டும். 58-ம் அப்படியே.

வேலையைத் தொடங்குமுன் இரண்டு போர்டுகளையும் மேசைமேல் கண்ணாடிப் பிம்பமாக, கட்டைவிரல் பகுதிகள் ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். மேலே தெரியும் பக்கத்தில் காகித டேப் ஒட்டி ‘இடது மேல்’, ‘வலது மேல்’ என்று எழுதிவிடுங்கள். ஒரே போர்டைப் புரட்டிப் பயன்படுத்துவதால், இந்த டேப் இல்லாமல் இரண்டு இடது பாதிகளைச் செய்து முடிப்பது மிக எளிது.

சால்டரிங் புதியவர்களுக்குத் தோன்றுகிற அளவு பயப்படத் தக்கதில்லை. 60/40 ஈயக்கம்பி ஏறத்தாழ 183 டிகிரியில் இளகத் தொடங்கும். அயர்னை 350 பக்கம் வைத்துக்கொள்ளலாம். முனையை போர்டின் வளையமும் டயோடின் காலும் சேரும் இடத்தில் வைத்து, இரண்டும் சூடேற ஒரு கணம் விட்டு, பிறகு ஈயத்தை அந்தச் சூடான இடத்தில் தொட வேண்டும். அயர்ன் முனையில் உருக்கிக் கொண்டுவந்து பூசக் கூடாது. சரியாக அமைந்தால் ஈயம் தானாகவே ஓடிப் பரவி எரிமலைக் கூம்பு போல் பளபளவென்று நிற்கும். உருண்டையாகத் திரண்டு மங்கலாக இருந்தால் உள்ளே பிடிக்கவில்லை என்று பொருள். மறுபடி சூடுகாட்டினால் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முதல் வரிசையில் கை நடுங்கும், கடைசி வரிசையில் பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்வீர்கள்.

டயோடுக்குப் பிறகு ஸ்விட்ச் செருகும் சாக்கெட், அதன்பின் இரு பாதியையும் இணைக்கும் கேபிளுக்கான ஜாக், ரீசெட் பொத்தான். கன்ட்ரோலர் கடைசியில். அதை நேராகப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் செருகும்படி வைக்க வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். 24 கால் கொண்ட ஒரு பொருளைப் பற்றவைத்தபின் கழற்றுவது பழகியவர்களுக்கே பெரும் பாடு. பழைய ‘ப்ரோ மைக்ரோ’ கன்ட்ரோலர்களில் உள்ள மைக்ரோ யுஎஸ்பி முகப்பு இழுபட்டுப் பெயர்ந்து வருவது ஊரறிந்த பிரச்சினை. இப்போது அதே அளவில், யுஎஸ்பி-சி முகப்போடு, ஆர்பி2040 சில்லு வைத்த கன்ட்ரோலர்கள் கிடைக்கின்றன. பழையதில் நிரலுக்கு இருந்த இடம் 32 கிலோபைட். இதில் மெகாபைட் கணக்கு. தயங்காமல் இதையே வாங்குங்கள்.

கேபிள் பற்றி ஓர் எச்சரிக்கை. பார்க்க ஹெட்போன் ஒயர் மாதிரி இருக்கும், முனையில் மூன்று கறுப்பு வளையத்தோடு. டிஆர்ஆர்எஸ் என்பார்கள். அதைச் செருகும்போதும் உருவும்போதும் முனையின் உலோகப் பட்டைகள் ஜாக்கின் உள்ளே ஒன்றைத் தாண்டி ஒன்று உரசிப் போகும். மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் மின்வழியும் தரைவழியும் ஒரு கணம் தொட்டுக்கொள்ளலாம், கன்ட்ரோலர் போய்விடும். முதலில் யுஎஸ்பியைப் பிடுங்கு, பிறகு இதைத் தொடு. வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

ஸ்விட்ச்களைச் செருகுமுன்பே சோதிக்கலாம். ஆர்பி2040 கன்ட்ரோலரில் பூட் பொத்தானை அழுத்திக்கொண்டு கணினியில் செருகினால் பென்டிரைவ் போலத் தோன்றும். மென்பொருள் கோப்பை அதற்குள் இழுத்துப் போட்டால் ஏறிவிடும். பிறகு ஒவ்வொரு சாக்கெட்டின் இரு முனைகளையும் இடுக்கியால் தொட்டால் திரையில் எழுத்து விழ வேண்டும். விழவில்லையென்றால் அந்த டயோடைப் பாருங்கள். ஒரு நெடுவரிசை முழுக்க ஊமையாக இருந்தால் கன்ட்ரோலரின் காலைப் பாருங்கள். கோளாறு எங்கே என்பதைப் பின்னலே சொல்லிக்கொடுத்துவிடும்.

ஸ்விட்ச் தேர்வைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. லேசானதாக, சத்தமில்லாததாக வாங்கினேன். விசைமூடிகள் மட்டும் எல்லா வரிசைக்கும் ஒரே உயரமாக இருப்பது நல்லது. எதையும் எங்கும் மாற்றி வைக்கலாம். எழுத்து அச்சிட்டிருக்க வேண்டியதில்லை. இரண்டு சுட்டுவிரல் இடங்களில், அதாவது புள்ளியிலும் ப-விலும், தடவினால் தெரியும் மேடு இருந்தால் போதும்.

என்னைப் பொறுத்தவரை உண்மையான விசைப்பலகை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. க்யூஎம்கே என்ற திறந்த மூல மென்பொருள் இதன் மூளை. ‘வயல்’ என்ற செயலி இருந்தால் நிரல் எழுதாமலே திரையில் விசைகளைச் சொடுக்கி மாற்றலாம். இங்கே தமிழில் எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. எண்ணைத்தான் அனுப்புகிறது. சதுர அடைப்பு திறக்கும் விசைக்கு 47, மூடும் விசைக்கு 48. 47-ஐ ச என்று ஆக்குவதும் 48-ஐ ஞ என்று ஆக்குவதும் கணினியில் இருக்கும் தமிழ்99 மென்பொருளின் வேலை. ஆகையால் விசைப்பலகைக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. 48 என்ற எண் எந்த விரலுக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னால் போதும். உள்விளிம்பு விசைக்கு 48. ண-வுக்கு அடுத்த விசைக்கு 47. முடிந்தது.

பேக்ஸ்பேஸும் என்டரும் வலது கட்டைவிரலுக்கு வந்துவிட்டன. என்டரைத் தட்டினால் என்டர், அழுத்திப் பிடித்தால் ஷிஃப்ட் என்று வைத்திருக்கிறேன். தட்டலுக்கும் பிடித்தலுக்கும் எல்லையாக க்யூஎம்கே வைத்திருப்பது 200 மில்லிநொடி. இதே வசதியை ஸ்பேஸ் விசைக்குக் கொடுக்கலாம் என்று பலர் சொல்வார்கள். வேகமாக எழுதும்போது சொல்லுக்குச் சொல் வரும் விசையில் அது குழப்பும். என்டர் பத்திக்கு ஒருமுறைதான். அங்கே குழப்பம் வராது.

மொழி மாற்றுவதற்கும் ஒரே பொத்தானால் இங்கும் அங்கும் தாவுவதை விட்டுவிட்டேன். தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று. விண்டோஸில் ஒவ்வொரு மொழிக்கும் தனிக் குறுக்குவழி அமைக்கலாம். லினக்ஸில் எஃப்சிட்டிஎக்ஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் இயக்க ஒன்று, நிறுத்த ஒன்று என்று தரும். என் விசை அந்தக் குறுக்குவழியை அனுப்பிவிட்டு, பலகையின் அடுக்கையும் (எந்த விசை எதை அனுப்பும் என்ற ஏற்பாட்டையும்) மாற்றிக்கொள்ளும். இப்போது எந்த மொழியில் இருக்கிறேன் என்று திரையின் மூலையைப் பார்க்கவே வேண்டாம், எது வேண்டுமோ அதைத் தட்டினால் சரி.

பழகுவது பற்றிக் கேட்பீர்கள். நேர்நெடுவரிசைகள் விரலுக்கு முதலில் விசித்திரமாக இருக்கும், வேகம் படுத்துவிடும். அவசர வேலை இருக்கும் வாரத்தில் தொடங்காதீர்கள். பிளவுப் பலகை சில பழக்கங்களைக் கட்டாயமாக மாற்றும். ங பழைய பலகையில் நடுவில் இருந்தது, எந்தச் சுட்டுவிரலாலும் தட்டலாம். வலது சுட்டுவிரலால் தட்டினால் ‘நீங்கள்’, ‘எங்கே’ என்று வரும்போது அடுத்த க-வுக்கும் அதே விரல்தான் போக வேண்டும். இப்போது ங இடது பாதியில் இருக்கிறது, வேறு வழியில்லை. இடது கை ங, வலது கை க. எழுதும்போது மிகவும் நன்றாக இருக்கிறது. பாதிகளைத் தோள் அகலத்துக்கு விலக்கி வைத்தால் மணிக்கட்டு வெளிப்பக்கம் வளைய வேண்டியதில்லை. உள்விளிம்பைச் சற்றுத் தூக்கி வைத்தால் உள்ளங்கை முழுக்கக் கவிழ வேண்டியதும் இல்லை. அந்தச் சாய்வை நான் மெதுவாகத்தான் கூட்டினேன். தடிமனான அட்டை முதலில், பிறகு மரக்கட்டை.

இப்போது முயன்றுகொண்டிருப்பது கிரந்த எழுத்துகள். ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் தமிழ்99-இல் ஷிஃப்ட்டோடு இடது கையின் மேல்வரிசை. கட்டைவிரல் ஷிஃப்ட்டால் எளிதாகிவிட்டது என்றாலும் இன்னும் எளிதாக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு விசைகளைச் சேர்த்துத் தட்டினால் மூன்றாவது ஒன்றை அனுப்பும்படி க்யூஎம்கேயில் அமைக்கலாம். ஆங்கிலத்தில் இதற்குத் தோதான ஜோடி கிடைப்பது கடினம், எந்த எழுத்தோடும் எந்த எழுத்தும் வந்துவிடும். அளபெடையையும் ஆங்கிலச் சுருக்கங்களையும் விட்டால், தமிழில் ஒரு சொல்லுக்குள் வேறுவேறு உயிரெழுத்துகள் இரண்டு அடுத்தடுத்து நிற்பது அரிது. உடம்படுமெய் வந்து இடையில் புகுந்துவிடும். ஆகவே இடது கையில் உள்ள உயிர் ஜோடிகள் அநேகமாகக் காலியாகக் கிடக்கின்றன. ஈ-யும் ஊ-வும் சேர்ந்தால் ஜ, அ-வும் இ-யும் சேர்ந்தால் ஸ, இ-யும் உ-வும் சேர்ந்தால் ஷ என்று தமிழ் அடுக்கில் வைத்திருக்கிறேன். இரு விசைக்கும் இடையே 50 மில்லிநொடி வரை பொறுக்கும்படி இருக்கிறது. என் மோதிர விரலுக்கு அது போதவில்லை, கொஞ்சம் கூட்டிப் பார்க்க வேண்டும். ஹ-வுக்கு எந்த ஜோடி என்று இன்னும் முடிவாகவில்லை.